சயான் ஒரு புள்ளி கூட்டுங்கண்ணே

இதழ் கடைக்குப் போன மறுநாள் காலை அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. நான்தான் எடுத்தேன். அந்த மாத அட்டையில் இருந்த நீளம் தாண்டும் வீராங்கனையின் அம்மா பேசினார். நன்றி சொல்ல அழைத்திருக்கிறார் என்று நினைத்து, "சொல்லுங்கம்மா" என்றேன்.

"புஸ்தகம் பார்த்தோம்மா. பேரு எங்க புள்ள பேருதான் போட்டிருக்கு. படத்துல இருக்கிறது யாரும்மா?"

அவர் குரலில் கோபம் இல்லை, உண்மையான சந்தேகம்தான் இருந்தது. தெருவில் நாலு வீட்டில் காட்டியிருக்கிறார். நாலு வீட்டிலும் வேறு யாரோ என்று சொல்லியிருக்கிறார்கள். போனை வைத்துவிட்டு அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். வெயிலில் காய்ந்து மெருகேறிய அந்தக் கருத்த முகம், சந்தனத்தில் ரோஸ் பவுடர் கலந்தது போல இருந்தது. ஸ்கேன் செய்தவர் முகத்தைக் கொஞ்சம் 'தூக்கி'யிருக்கிறார். பிளேட் போடும் முன் இன்னொருவர் அவர் பங்குக்குத் தூக்கியிருக்கிறார். மெஷினில் நின்றவர் மிச்சத்தைச் செய்திருக்கிறார். புரூஃபில் கையெழுத்துப் போட்டது நான். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. முகம் என்று வந்தால் வெளுக்க வைப்பது எங்கள் தொழிலில் கைக்குள் ஏறிப்போன பழக்கம்.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேலாக விளையாட்டு, உடற்பயிற்சி இதழ்களுக்குப் பக்கம் வடிவமைத்து வருகிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் நாளே கேட்பார்கள்: "அக்கா, ஸ்போர்ட்ஸ் மேகஸினுக்கு என்ன கலர் வைக்கலாம்?" கேட்கும்போதே ஒரு பதிலையும் மனதில் வைத்திருப்பார்கள். கறுப்புப் பின்னணி, சிவப்புத் தலைப்பு, ஓரத்தில் மின்னுகிற பச்சை. நான் அவர்களை ஜன்னலோரம் கூட்டிப்போய்க் கையை நீட்டச் சொல்வேன். "முதல் கலர் இதுதான். மத்த கலரெல்லாம் இதுக்குப் பக்கத்துல நின்னு பார்த்து, ஒத்துப்போனா உள்ள வரட்டும்."

விளையாட்டுப் பத்திரிகை ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். சமையல் இதழில் மனிதத் தோல் விரல் நுனியோடு நின்றுவிடும். சினிமா இதழில் பெரும்பாலும் முகம். எங்கள் பக்கங்களில் கழுத்து, தோள், முழங்கை, தொடை, கணுக்கால் என்று உடம்பு முழுவதும் வரும். அந்த நிறம் தப்பினால் மற்ற எந்த நிறம் அழகாக இருந்தும் பயனில்லை.

நான் பிறந்து வளர்ந்தது சிவகாசி. அப்பா பிரஸ்ஸில் மெஷின் ஓட்டினார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் வேலை பார்த்த இடத்தில் இருந்தது ஒற்றை நிற மெஷின். ஒரு காலண்டர் படம் முழுமையாக வர, ஒரே தாள் நாலு தடவை மெஷினுக்குள் போய்வர வேண்டும். முதலில் மஞ்சள். அது காய்ந்த பிறகு மஜெண்டா என்கிற அடர்ந்த ரோஸ். பிறகு சயான் என்கிற பச்சை சாய்ந்த நீலம். கடைசியில் கறுப்பு. அப்பா சாப்பிட உட்காரும்போது அவர் நகக்கண்ணைப் பார்த்தால் போதும், அன்றைக்கு எந்த நிறம் ஓடியது என்று சொல்லிவிடுவேன். மண்ணெண்ணெய் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

என் நோட்டுகளுக்கு அட்டை போட வேஸ்ட் தாள் கொண்டுவருவார். மஞ்சள் மட்டும் ஓடிய முருகன் ஒரு நோட்டில், மஞ்சளும் ரோஸும் ஓடிய முருகன் இன்னொரு நோட்டில். இரண்டாவது முருகன் காய்ச்சல் கண்டவர் போலச் சிவந்து, வெறும் தோலாக மிதப்பார். மூன்றாவது நிறமும் ஏறிய தாளில்தான் கன்னத்துக்குக் கீழே நிழல் விழும், தோள் திரளும். "சயான் ஏறும்போதுதான் சாமிக்கே உடம்பு வரும்" என்று அப்பா சொல்வார். கல்லூரியில் படித்த வண்ணக் கோட்பாடு எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் பயன்பட்டது அந்த ஒரு வாக்கியம்.

அச்சில் தோல் நிறம் என்று தனியாக ஒரு மை கிடையாது. இந்த நாலு மைகளின் குட்டிக் குட்டிப் புள்ளிகள் பக்கம் பக்கமாக விழ, நம் கண் அவற்றைச் சேர்த்து ஒரே நிறமாகப் பார்க்கிறது. லூப் என்கிற சின்ன உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் எந்த முகமும் புள்ளிக்கோலம்தான். நம் மாநிறத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளியது. மஞ்சள், மஜெண்டாவைவிடக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். சயான், மஜெண்டாவில் பாதிக்குப் பக்கத்தில் இருக்கலாம். கருத்த தோலுக்கு இன்னும் கூட்டலாம். கறுப்பு மை நிழலுக்கு மட்டும். மஜெண்டா மஞ்சளைத் தாண்டினால் முகம் வெந்தது போலாகும். சயானைப் பிடுங்கினால் முகம் வெளுக்கும், கூடவே எலும்பும் தசையும் கரைந்துபோகும். 'தூக்குவது' என்று எங்கள் ஆட்கள் சொல்வது பெரும்பாலும் இந்தச் சயானைப் பிடுங்குவதைத்தான். ஒரு ஓட்டக்காரியின் தொடைத் தசையை அழித்துவிட்டு அவளைப் பற்றி ஆறு பக்கம் எழுதி என்ன செய்வது?

இந்தப் பழக்கத்துக்கு நம் ஊருக்கு வெளியேயும் ஒரு வேர் உண்டு. கலர் பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம், பிரிண்ட் போடும் லேப்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை கொடுத்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். முதன்முதலில் அதற்கு நின்ற பெண்ணின் பெயரால் அதை 'ஷெர்லி அட்டை' என்றே அழைத்தார்கள். அவர் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி. கருத்த தோல் என்ன ஆயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. ஒரே படத்தில் இரண்டு நிறத்தவரும் இருந்தால், கருத்த முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்த காலம் அது. அடர் பழுப்பு நிறங்களைப் பிலிம் சரியாகப் பிடிக்க வேண்டும் என்று மரச்சாமான் விற்பவர்களும் சாக்லேட் விளம்பரக்காரர்களும் புகார் செய்தார்கள் என்றும், அதுவும் சேர்ந்துதான் மாற்றத்தைத் தள்ளியது என்றும் படித்தபோது, கொஞ்ச நேரம் அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வெவ்வேறு நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் மாதிரி அட்டை வர 1990கள் ஆயின.

எங்கள் புகைப்படக்காரரிடம் நான் கேட்பது ஒன்றுதான். முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்காதீர்கள். வெளுத்த தோலின் வடிவத்தை நிழல் காட்டும்; கருத்த தோலின் வடிவத்தைப் பளபளப்பு காட்டும். பக்கவாட்டில் பெரிய, மெதுவான வெளிச்சம் இருந்தால் தோள்பட்டையின் விளிம்பில் ஒரு கோடு மின்னும். வியர்வை இருந்தால் இன்னும் நல்லது. துடைத்துவிட்டுப் படம் எடுக்கலாமா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

தாளும் நிறத்தை மாற்றும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் மை மேலேயே நிற்கும். நியூஸ்பிரின்ட் மையைக் குடிக்கும், புள்ளி பரவும், பழுப்பு சேறாகும். ஆர்ட் பேப்பரில் நாலு மையும் சேர்ந்து ஓரிடத்தில் சுமார் 300 சதவீதம் வரை ஏற்றலாம் என்றால், நியூஸ்பிரின்டில் 240க்கு மேல் போனால் பின்பக்கம் ஊறிவிடும். அதனால் கருத்த முகத்தைச் சாதாரணத் தாளில் அச்சிடும்போது கொஞ்சம் திறந்துவிடத்தான் வேண்டும். ஆனால் கறுப்பைக் குறைத்துத் திறக்க வேண்டும், நிறத்தை மாற்றித் திறக்கக் கூடாது. இந்த வித்தியாசம் தெரிந்தவர் ஒரு பிரஸ்ஸில் ஒருவராவது இருப்பார். அவரைக் கண்டுபிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

இனி மற்ற நிறங்களுக்கு வருகிறேன். உடற்பயிற்சி இதழ் என்றாலே கறுப்புப் பின்னணியும் எண்ணெய் தடவிய புஜமும் என்றொரு பாணி அமெரிக்க உடற்கட்டு இதழ்களிலிருந்து வந்தது. அங்கே அந்த உடம்புகள் கறுப்பிலிருந்து பிரிந்து நிற்கும். நம்மவர்களை அதே கறுப்பில் வைத்தால் தலைமுடியும் தோளும் பின்னணிக்குள் போய்விடும். அதைச் சரிசெய்ய முகத்தை வெளுப்பார்கள். பின்னணியை மாற்ற வேண்டிய இடத்தில் ஆளை மாற்றுகிறோம்.

மின்னும் பச்சைக்கும் மின்னும் ஆரஞ்சுக்கும் வேறு சிக்கல். கணினித் திரை தானே ஒளிவிடுகிறது; தாளுக்கு அந்த வசதி இல்லை. திரையில் எரிகிற பச்சை, நாலு மையில் அச்சாகும்போது காய்ந்த வாழையிலை ஆகிவிடும். பையன்கள் புரூஃபைப் பார்த்துத் திகைத்து நிற்பார்கள். வேண்டுமென்றால் ஒளிரும் மையை ஐந்தாவதாகத் தனியே வாங்கி, தனி பிளேட் போட்டு ஓட்டலாம். காசு ஒருபுறம் இருக்க, அந்த மை வெயிலைத் தாங்காது. நம் இதழ்கள் தொங்குவது பஸ் ஸ்டாண்ட் கடை வாசலில், கயிற்றில், கிளிப் மாட்டி, மேற்கு வெயிலில். ஒரு வாரத்தில் அந்தப் பச்சை சோகை பிடித்துவிடும்.

மாநிறத்துக்குப் பின்னால் எது நிற்கும்? பட்டுச் சேலைக் கடைக்காரரைக் கேளுங்கள், சொல்வார். மஞ்சள் கிழங்கின் மஞ்சள், வேப்பிலைப் பச்சை, அரக்குச் சிவப்பு, அவுரி நீலம். சேலையைத் தோள் மேல் போட்டுக் காட்டுகிறவர்களுக்கு மனிதத் தோலுக்கு எதிரே நிறத்தை வைத்துப் பார்க்கும் பழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் அரை நாள் உட்கார்ந்து நான் கற்றது, பழுப்பு உடம்புக்குப் பின்னால் சாம்பல் கலந்த மந்தமான நிறங்கள் இரண்டையும் கெடுக்கும் என்பது. அடர்த்தி வேண்டும். ஆனால் ஒரு பக்கத்தில் ஒரு அடர் நிறம் போதும்.

சாம்பல் என்றதும் 1996 நினைவுக்கு வருகிறது. அந்த ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணி சாம்பல் சட்டையில் சவுத்தாம்ப்டனோடு ஆடியது. இடைவேளையில் 3–0 என்று பின்தங்கியிருந்தார்கள். பின்னால் இருந்த கூட்டத்தில் தம் ஆட்களையே கண் தேடிப் பிடிக்க முடியவில்லை என்று சொல்லி, பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் எல்லோரையும் நீல வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்கு மாற்றினார். இறுதியில் 3–1 என்று தோற்றார்கள். தோல்விக்குச் சட்டைதான் காரணமா என்று இன்றும் வாதம் நடக்கும். எனக்கு அந்த வாதம் தேவையில்லை. அரங்கக் கூட்டம் தெரியும் படத்தின் மேல் சாம்பல் எழுத்தில் தலைப்பு போடலாமா என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு அந்தக் கதை போதும்.

நிறம் ஒரு விளையாட்டுப் பத்திரிகைக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு நான் வியந்து வியந்து சொல்லும் கதைகள் இரண்டு. இரண்டும் சைக்கிளோடு சம்பந்தப்பட்டவை.

இத்தாலியின் மிலான் நகரில் 1896இல் 'லா கஸெட்டா டெல்லோ ஸ்போர்ட்' தொடங்கியபோது பச்சைத் தாளில் வந்தது. 1899இன் தொடக்கத்திலிருந்து ரோஸ் தாளுக்கு மாறியது. இன்றும் அதே ரோஸ். தூரத்தில் ஒருவர் கக்கத்தில் மடித்து வைத்திருந்தாலும் அது என்ன பத்திரிகை என்று தெரிந்துவிடும். 1909இல் அந்தப் பத்திரிகையே 'ஜிரோ டி இத்தாலியா' என்ற நெடுஞ்சாலை சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கியது. 1931இல் பந்தயத்தில் முன்னிலையில் இருப்பவருக்குத் தனிச் சட்டை கொடுக்கலாம் என்று முடிவெடுத்தபோது, தம் தாளின் ரோஸையே தேர்ந்தெடுத்தார்கள். அதை முதலில் அணிந்தவர் லெயார்கோ குவெர்ரா. ஆல்ப்ஸ் மலைச் சரிவில் மூச்சு வாங்க மிதித்துப் போகும் ஒருவரின் முதுகில் ஒரு பத்திரிகையின் தாள் நிறம்! ஆண்களின் கடும் போட்டிக்கு ரோஸா என்று அங்கே இன்று யாரும் கேட்பதில்லை. அந்த நிறத்துக்காகத்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

பிரான்சில் 'லெ வேலோ' என்ற விளையாட்டு நாளிதழ் பச்சைத் தாளில் வந்துகொண்டிருந்தது. 1900இல் அதற்குப் போட்டியாக இன்னொரு நாளிதழ் மஞ்சள் தாளில் வந்தது. ஆசிரியர் ஹென்றி தெக்ராஞ்ச். 'லெ வேலோ'வோடு நடந்த பெயர் வழக்கில் தோற்று, 'லோட்டோ' என்று பெயரைச் சுருக்கிக்கொண்டு, விற்பனையை ஏற்ற 1903இல் அவர்கள் நடத்திய பந்தயம்தான் 'டூர் டி பிரான்ஸ்'. அடுத்த ஆண்டே பச்சைத் தாள் பத்திரிகை நின்றுபோனது. 1919இல் முன்னிலை வீரருக்கு மஞ்சள் சட்டை வந்தது. யூஜீன் கிறிஸ்டோஃப் அதைப் போட்டுக்கொண்டு மிதித்தபோது வழியில் நின்றவர்கள் 'கேனரி' என்று மஞ்சள் குருவியின் பெயர் சொல்லிக் கேலி செய்தார்களாம். சட்டை மஞ்சளானதற்குத் தாளின் நிறமே காரணம் என்றுதான் பரவலாகச் சொல்கிறார்கள். 'லோட்டோ' இன்று இல்லை. அந்த மஞ்சள் ஒவ்வொரு ஜூலையிலும் சாலையில் ஓடுகிறது.

இந்த இரண்டு பத்திரிகைகளும் பத்து நிறங்களை வைத்துக்கொண்டு திணறவில்லை. ஒன்றைப் பிடித்தார்கள், அதை விடவே இல்லை. மாதத்துக்கு ஒரு பாணி மாற்றச் சொல்லும் நிர்வாகிகளிடம் நான் இந்தக் கதையைத்தான் எடுத்துப்போவேன்.

ஒரு விஷயத்தில் எங்கள் நிலைமை அவர்களைவிடச் சிக்கலானது. ஆட்டங்களின் நிறங்களே மாறிக்கொண்டிருக்கின்றன. டென்னிஸ் பந்து வெள்ளையாக இருந்தது. கலர் டிவியில் தெரியவில்லை என்று 1972இல் மஞ்சள் பந்துக்கு விதி வந்தது, விம்பிள்டன் மட்டும் 1986 வரை வெள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பகலிரவு டெஸ்ட் 2015இல் அடிலெய்டில் தொடங்கியபோது பந்து ரோஸ் ஆனது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஹாக்கித் தரை நீலமாகி, ஓரம் ரோஸாகி, பந்து மஞ்சளானது. எங்கள் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்திலும் இப்போது நீலத் தரைதான். ஹாக்கி என்றால் பச்சைப் பட்டை போடு என்று பழைய மாதிரிப் பக்கத்தில் இருந்தது. நீலத் தரைப் படத்தின் மேல் அந்தப் பச்சைப் பட்டை விழுந்தபோது பக்கமே கலங்கியது போலாயிற்று. ஆட்டத்தின் நிறத்தை ஆட்டக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பக்கத்துக்கு நிறம் குறிக்கக் கூடாது என்று அன்று முடிவெடுத்தேன்.

தமிழ்நாட்டில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மஞ்சளை அட்டை முழுக்கப் போட்டால், உள்ளே சிலம்பம் பற்றி எழுதியிருந்தாலும், கடைக்காரர் 'சென்னை சூப்பர் கிங்ஸ் ஸ்பெஷலா?' என்று கேட்பார். கறுப்பையும் சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் பட்டையாக வைத்தால் கட்சிக்கொடி ஆகிவிடும். தேர்தல் மாதத்தில் இப்படி ஒரு பட்டையை அச்சுக்குப் போகும் முன் இரவோடிரவாக மாற்றியிருக்கிறோம். வாசகர் நிறத்தை வெறும் நிறமாகப் பார்ப்பதில்லை. அவர் தெருவில் அந்த நிறம் ஏற்கெனவே ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதைப் பெரிய அளவில் யோசித்தவர் ஓட்ல் ஐஹெர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் காட்சி வடிவம் முழுவதையும் தீர்மானித்த ஜெர்மன் வடிவமைப்பாளர். 1936இல் பெர்லினில் நாஜிக்கள் நடத்திய ஒலிம்பிக்கின் நினைவு உலகத்துக்கு இருந்தது. அதனால் சிவப்பை வேண்டுமென்றே ஒதுக்கினார். வெளிர் நீலம், பச்சை, ஆரஞ்சு, வெள்ளி என்று வெளிச்சமான நிறங்களை எடுத்தார். ஊழியர்களின் உடை நிறத்தைப் பார்த்தே அவர் என்ன வேலை செய்பவர் என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு நிறத்தை ஏன் எடுத்தேன் என்பதைவிட, எதை ஏன் விலக்கினேன் என்று சொல்லத் தெரிந்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் மதிப்பு.

நாங்கள் ஒரு உடற்பயிற்சி மாத இதழைப் புதிதாக வடிவமைத்தபோது கணினியைத் திறக்கவில்லை. இரண்டு மாதம் மைதானங்களுக்குப் போனோம். மெரினாவில் காலை ஐந்தே முக்கால் மணிக்குக் கடல் நீலமாக இருப்பதில்லை, ஈயப் பாத்திரம் போல இருக்கும். தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டு மணல் செங்கல்லைவிடச் சிவப்பு. ஊர்க் கபடி ஆடுகளத்தில் போட்ட சுண்ணாம்புக் கோட்டில் பாதி, ஆட்டம் முடியும்போது ஆட்டக்காரர்களின் கால்களில் இருக்கும். ஒரு பழைய தேகப்பயிற்சிக் கூடத்தில் கர்லாக்கட்டையின் பிடி, பல கைகள் பட்டுப் பட்டு, எண்ணெயேறிக் கிட்டத்தட்டக் கறுத்திருந்தது. திரும்பி வந்து ஆறு நிறம் எழுதி வைத்தோம்: தேரி மண், காலைக் கடல், வேப்பிலை, கிழங்கு மஞ்சள், கர்லாக்கட்டை, சுண்ணாம்பு. சுண்ணாம்பு என்பது தாளின் வெண்மை. அதற்கு மை வேண்டாம், இடம் விட்டால் போதும்.

"மண் கலரைப் பார்த்து யாரும்மா வாங்குவா?" என்று நிர்வாகி கேட்டார். நியாயமான கேள்விதான். மண் நிற அட்டை ஒன்றும் சிவப்பு அட்டை ஒன்றும் மாதிரி அச்சிட்டு, இரண்டையும் ஒரு பெட்டிக்கடையில் மற்ற இதழ்களுக்கு நடுவே தொங்கவிட்டு, சாலையின் எதிர்ப்புறம் நின்று பார்க்கலாம் என்று அவரைக் கூட்டிப்போனேன். சுற்றிலும் தொங்கிய எல்லாவற்றிலும் சிவப்பும் மஞ்சளும் இருந்தன. எங்கள் சிவப்பு அட்டையை அவருக்கே அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. தேரி மண் பின்னணியில் பாய்ந்துகொண்டிருந்த கபடிப் பையன் மட்டும் தனியாகத் தெரிந்தான். அவர் எதுவும் சொல்லவில்லை. டீ சொல்லிவிட்டு, "எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கலாம்" என்றார்.

எழுத்து என்றதும் தமிழ் எழுத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆங்கில விளையாட்டு இதழ்களில் வேகத்தைக் காட்ட எழுத்தைச் சாய்ப்பார்கள், நெருக்குவார்கள், எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போடுவார்கள். நமக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்று இல்லை. நம் எழுத்துகளில் வளைவும் சுழியும் அதிகம். கணினியில் ஒரு பொத்தானை அழுத்திச் சாய்த்தால் 'ண'வும் 'ஞ'வும் வழுக்கி விழுவது போல இருக்கும். நெருக்கினால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைந்துபோகும். அடர் நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து விடும்போது இன்னும் ஆபத்து. நாலு பிளேட்டில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் சின்ன எழுத்தின் கொம்பும் புள்ளியும் மறைந்துவிடும். அதனால் எங்கள் பக்கத்தில் தலைப்பு நேராக நிற்கும், தடிமனாக, நிறைய இடத்தோடு. வேகத்தைப் படம் காட்டட்டும். ஓடுகிறவர் எந்தத் திசையில் ஓடுகிறாரோ அந்தப் பக்கம் வெற்றிடம் விடுவோம். அவர் ஓட இடம் வேண்டும் அல்லவா?

உடற்பயிற்சிப் பக்கங்களில் எனக்கு இரண்டு பிடிவாதங்கள். செய்ய வேண்டியதைப் பச்சையிலும் செய்யக் கூடாததைச் சிவப்பிலும் மட்டும் காட்டக் கூடாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண் ஆண்களில் பலருக்கு உண்டு. 2018 உலகக் கோப்பைக் கால்பந்தின் முதல் ஆட்டத்தில் ரஷ்யா சிவப்பிலும் சவூதி அரேபியா பச்சையிலும் ஆடியபோது, யார் எந்த அணி என்று தெரியவில்லை என்று இத்தகைய பார்வையாளர்கள் முறையிட்டார்கள். அது ஆட்டம், குழப்பத்தோடு போகும். குனிந்து எடை தூக்கும் படத்தில் சரியும் தவறும் குழம்பினால் ஒருவர் முதுகு போய்விடும். ஆகவே நிறத்தோடு ஒரு டிக், ஒரு பெருக்கல் குறி, கீழே ஒரு வரி. மூன்றும் வேண்டும்.

இரண்டாவது, 'முன்பு – இப்போது' படங்கள். முன்பு எடுத்த படத்தில் டியூப்லைட் வெளிச்சம், பச்சை படிந்த சுவர், கருத்த முகம். இப்போது எடுத்த படத்தில் பொன் வெளிச்சம், ஐந்து டிகிரி வெளுத்த முகம். எடை குறைந்ததா, நிறம் குறைந்ததா? எங்கள் இதழில் இரண்டு படமும் ஒரே சுவர், ஒரே வெளிச்சம், ஒரே நிறக் கணக்கு. அப்படி எடுக்க முடியாவிட்டால் படமே வேண்டாம் என்றேன். விளம்பரப் பிரிவில் வருத்தப்பட்டார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. மாதிரி காட்டுபவர்களும் வாசகர்கள்தான். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்து எழும் ஐம்பத்தைந்து வயது அக்காவின் படத்துக்கு வந்த கடிதங்கள் வேறு எதற்கும் வந்ததில்லை.

போன மாத அட்டையில் எடை தூக்கும் ஒரு பெண். பத்தொன்பது வயது, பனங்கருப்பட்டி நிறம். பின்னணி கிழங்கு மஞ்சள். அச்சாகும் இரவு அவள் சென்னையில்தான் பயிற்சி முகாமில் இருந்தாள். பயிற்சியாளரிடம் அனுமதி வாங்கி, அவளையும் அவள் அம்மாவையும் பிரஸ்ஸுக்கு அழைத்துப்போனேன். அவள் அதுவரை பிரஸ்ஸைப் பார்த்ததில்லை. மெஷின் சத்தத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் தாள்கள் வந்தன. மெஷின் அண்ணன் ஒன்றை உருவி, நிறம் பார்க்கும் விளக்கின் கீழே விரித்தார். பகல் வெளிச்சத்துக்கு ஒத்த அந்த விளக்கு இல்லாமல் புரூஃப் பார்ப்பது இருட்டில் துணி எடுப்பது போல. அவர் லூப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "முகத்தை ஒரு சுத்து தூக்கிரவாம்மா?" என்றார். முப்பது வருடக் கை அது.

"கையை நீட்டு பாப்பா" என்றேன்.

அவள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, அச்சான தன் முகத்துக்குப் பக்கத்தில் முன்னங்கையை வைத்தாள். பார்பெல் உரசிய தழும்பு முழங்கைக்குக் கீழே மின்னியது. அண்ணன் கையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார். அம்மா குனிந்து இரண்டையும் பார்த்துவிட்டு, "இங்க கொஞ்சம் வெளுப்பா இருக்குங்க" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். மை இன்னும் காயவில்லை. அவர் விரல் நுனியில் மஞ்சளும் ரோஸும் ஒட்டிக்கொண்டன.

"சயான் ஒரு புள்ளி கூட்டுங்கண்ணே" என்றேன்.

அவர் போய்ச் சாவியைத் திருப்பினார். அடுத்த தாள் வரும்வரை அந்தப் பெண் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.